பெயரற்ற முகங்கள் வேண்டா!

நம் இல்லங்களில் பழைய புகைப்படங்கள் எங்கே இருக்கின்றன? சுவரில் மாட்டியிருக்கும் இரண்டு மூன்றை விட்டுவிடுவோம். மற்றவை எங்கே? தகரப் பெட்டியின் அடியில் பழைய பட்டுச்சேலைகளுக்கு நடுவே கிடக்கின்றன. இரும்பு அலமாரியில் வீட்டுப் பத்திரங்களோடும் ரேஷன் அட்டையோடும் கிடக்கின்றன. பரண்மேல் துணிக்கடைப் பையொன்றில் சுருண்டு கிடக்கின்றன. காஞ்சிபுரத்து வீடுகளில், பேச்சு முன்னோரைப் பற்றித் திரும்பினால், யாராவது ஒருவர் எழுந்துபோய் அந்தப் பையைக் கொண்டுவருவார். பாயின்மேல் படங்கள் கொட்டப்படும். “இவர் யார்?” என்று கேட்டால், முதல் ஐந்தாறு படங்களுக்கு விடை உடனே வரும். பிறகு தயக்கம் தோன்றும். இறுதியில், “ஆயாவுக்குத்தான் தெரியும்” என்பார்கள். அந்த ஆயாவோ கல்லறைத் தோட்டத்தில் துயில்கொண்டு பத்தாண்டுகள் ஆகியிருக்கும்!

நவம்பர் மாதம் நம்மைப் பிரிந்தோரை நினைக்கும் மாதம். கல்லறையைத் தூய்மை செய்கிறோம், மெழுகுவர்த்தி ஏற்றுகிறோம், பூசைக்குக் கருத்துக் கொடுக்கிறோம். அதே மாதத்தில், அவர்களுடைய முகங்களையும் சற்றுக் கவனித்தால் என்ன? குடும்பப் படங்களைத் திரட்டி, தெரிந்தெடுத்து, ஓர் ஏட்டில் ஒழுங்காக அமைப்பது பொழுதுபோக்கு என்று பலர் எண்ணுகின்றனர். அது பிள்ளைகளுக்குப் பெற்றோர் செலுத்தவேண்டிய கடன் என்பது என் கருத்து. அதை எவ்வாறு செய்வது, எதில் விழிப்பாயிருப்பது என்பனவற்றை இங்கே கூற விழைகிறேன்.

கல்லில் ஒரு குடும்ப ஆல்பம்

இதற்கு நம் ஊரிலேயே ஒரு பாடம் இருக்கிறது. காஞ்சிக்கு வருவோர் பலரும் ஏகாம்பரநாதர் கோயிலையும் வரதராசப் பெருமாள் கோயிலையும் கண்டு திரும்பிவிடுகின்றனர். வைகுந்தப் பெருமாள் கோயிலை நாடுவோர் அவ்வளவு பேர் இலர். எட்டாம் நூற்றாண்டில் இரண்டாம் நந்திவர்ம பல்லவன் எழுப்பிய கோயில் அது. அதன் திருச்சுற்று மண்டபத்தில், சிங்கத் தூண்களுக்குப் பின்னேயுள்ள சுவரில், வரிசை வரிசையாகப் புடைப்புச் சிற்பங்கள் உள்ளன. பல்லவர் குலத்தின் வரலாறே அங்குச் செதுக்கப்பட்டிருக்கிறது. புராண முன்னோரில் தொடங்கி, அரசர் ஒருவர்பின் ஒருவராக முடிசூடுகின்றனர், போர் புரிகின்றனர், மறைகின்றனர். இரண்டாம் பரமேசுவரவர்மன் மறைந்தபின் நாடு அரசனின்றித் தவித்ததும், அமைச்சரும் நகரப் பெருமக்களும் இரணியவர்மனை நாடிச் சென்றதும், அவன் புதல்வர் நால்வரில் மூவர் மறுக்க, பன்னிரண்டு வயதே நிரம்பிய இளையவன் முன்வந்து நந்திவர்மனாக முடிசூடியதும் அங்கே காட்சிகளாக நிற்கின்றன.

இவ்வளவும் நமக்கு எப்படித் தெரியும்? சிற்பம் மட்டும் இதைச் சொல்லவில்லை. சில சிற்பங்களின் அருகே பொறித்துள்ள குறிப்புகள் சொல்கின்றன. இன்னார் வந்தார், இன்னார் மறுத்தார், இவன் வயது இவ்வளவு என்று அவை கூறுகின்றன. ஆனால் எழுத்தில்லாத சிற்பங்களே மிகுதி. அவற்றில் முடிசூடும் அரசன் எவன்? போர்க்களம் எது? அரியணையருகே நிற்கும் பெண் யார்? 1936 ஆம் ஆண்டு சென்னைப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்ற முதல் பெண்மணியான கடாம்பி மீனாட்சி அம்மையார், இச்சிற்பங்களைச் செப்பேடுகளோடு ஒப்பிட்டு ஆராய்ந்தார். 1940 இல், முப்பத்தைந்து வயதளவில், அவர் காலமானார். அவருடைய ஆய்வை இந்தியத் தொல்லியல் துறை 1941 இல் நூலாக வெளியிட்டது. அத்துணை உழைப்புக்குப் பின்னரும், எழுத்தில்லாத இடங்களில் அறிஞர் ஊகித்தே பொருள் கூறவேண்டியிருக்கிறது.

கல்லில் செதுக்கிய அரச குடும்பத்துக்கே இந்த நிலை என்றால், அட்டையில் ஒட்டிய நம் குடும்பத்தின் நிலை என்னவாகும்? முகம் இருந்தும் பெயர் இல்லையெனில், இரண்டு தலைமுறைக்குள் நம் பாட்டனார் யாரோ ஒரு முதியவர் ஆகிவிடுவார்.

அன்று பிலிம் தெரிந்தெடுத்தது

1839 ஆம் ஆண்டு பிரான்சு நாட்டில், டகேர் என்பவர் கண்ட புகைப்பட முறை உலகுக்கு அறிவிக்கப்பட்டது. 1856 இல் சென்னையில் புகைப்படச் சங்கம் ஒன்று தோன்றிவிட்டது. 1858 அளவில் லின்னேயசு டிரைப் என்னும் ஆங்கிலேயர் மதுரை, தஞ்சைக் கோயில்களைப் பெரிய படங்களாக எடுத்தார். ஆயினும் உழைத்துண்ணும் குடும்பங்களுக்குப் புகைப்படம் எட்டியது நெடுநாள் கழித்துத்தான். அப்போதும் வாழ்நாளில் ஒருமுறையோ இருமுறையோதான் ஸ்டூடியோ படியேறினார்கள். திரையில் தீட்டிய தோட்டத்தின் முன்னே நாற்காலியில் கணவர் அமர்வார், மனைவி அருகில் நிற்பார், ஒருவரும் சிரிக்கமாட்டார். இன்று அப்படங்களைக் கண்டு நகைக்கும் இளைஞர் ஒன்றை எண்ணிப் பார்க்கவேண்டும். அந்த ஒரு படத்துக்காக அவர்கள் தம்மிடமிருந்த நல்ல ஆடையை உடுத்தி, ஒரு நாள் கூலியையும் இழந்து சென்றிருப்பார்கள்.

பின்னர் வந்தது ‘ஆக்பா கிளிக் மூன்று’ என்னும் கருப்புப் பெட்டி. ஒரு பிலிம் சுருளுக்குப் பன்னிரண்டு படங்கள். புதுநன்மைக்கு இரண்டு, பொங்கலுக்கு ஒன்று, கிறிஸ்துமஸ் குடிலுக்கு ஒன்று என்று எண்ணி எண்ணி எடுத்த காலம் அது. அதன்பின் முப்பத்தாறு படங்கள் கொண்ட பிலிம் சுருளும், வண்ணப் படமும் பரவின. இன்றோ கைப்பேசியில் ஒரு பிறந்தநாளுக்கு இருநூறு படங்கள் சேர்ந்துவிடுகின்றன! அன்று பிலிமின் விலையே நமக்காகத் தெரிந்தெடுத்தது. இன்று தெரிந்தெடுக்கும் பொறுப்பு நம் கையில் வந்துள்ளது. இரண்டு படங்கள் இருந்த வீட்டில் இரண்டையும் பார்த்தார்கள். இருபதாயிரம் படங்கள் இருக்கும் வீட்டில் ஒன்றையும் பார்ப்பதில்லை.

“ஸ்டூடியோவில் நெகட்டிவ் இருக்கும், வேண்டும்போது பிரதி வாங்கிக்கொள்ளலாம்” என்று நம்பியிருப்போரும் உண்டு. பழைய ஸ்டூடியோக்கள் பல மூடப்பட்டுவிட்டன. அவற்றின் நெகட்டிவுகளும் அவற்றோடு போயின. புதுச்சேரியில் 1955 முதல் இயங்கும் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், இலண்டனிலுள்ள பிரிட்டிசு நூலகத்தின் உதவியோடு, தமிழகத்து ஸ்டூடியோக்களில் எஞ்சியுள்ள பழைய குடும்பப் படங்களைத் தேடி மின்னணுப் படிகளாக்கும் பணியை மேற்கொண்டது. அயல்நாட்டு நூலகமும் அக்கறை கொள்ளும் பொருளை நாம் பரணில் போட்டு வைக்கலாமா?

திரட்டுதலும் தெரிந்தெடுத்தலும்

முதல் வேலை திரட்டுவது. கிழிப்பதும் எறிவதும் முதல் நாளில் வேண்டா. எல்லாப் படங்களையும் ஒரு பாயில் பரப்புங்கள். கைகளைக் கழுவி, ஈரம் போகத் துடைத்துக்கொண்டு அமருங்கள். படத்தை விளிம்பில் பிடிக்கவேண்டும். முகத்தின்மேல் விரல் படலாகாது. வீட்டில் வயது முதிர்ந்தவர் யாரோ, அவரை நடுவில் அமர்த்துங்கள். ஒருவர் எழுதட்டும், மற்றொருவர் கைப்பேசியில் பேச்சைப் பதிவு செய்யட்டும். பெரியவர் சொல்லும் கதை படத்தைவிட மதிப்புடையதாக அமைவதுண்டு.

அடுத்து, ஐந்து குவியல்களாகப் பிரியுங்கள். தந்தைவழி உறவினர் ஒன்று. தாய்வழி உறவினர் மற்றொன்று. நம் திருமணம் முதல் நடந்தவை மூன்றாவது. பிள்ளைகளும் பேரர்களும் நான்காவது. யாரெனத் தெரியாதவர்கள் ஐந்தாவது. ஆண்டுவாரியாக அடுக்கத் தொடங்கினால் பெரும்பாலோர் முதல் மாலையே சோர்ந்துவிடுவர். ஆண்டு தெரியாத படமே நம் வீடுகளில் மிகுதி. வழிவழியாகப் பிரித்தாலோ வேலை எளிதாகும். ஐந்தாவது குவியலை ஒருநாளும் எறிந்துவிடாதீர்கள். அதைப் பெரியப்பா வீட்டுக்கும் அத்தை வீட்டுக்கும் எடுத்துச் சென்று காட்டுங்கள். நமக்கு அயலாராகத் தோன்றுபவர் அவர்களுக்கு நெருங்கியவராக இருக்கக்கூடும்.

இனி, எந்தப் படத்தை ஏட்டில் சேர்ப்பது? நான்கு கேள்விகளைக் கேட்டுக்கொள்ளலாம்.

முதலாவது, இந்த முகம் வேறு எந்தப் படத்திலாவது உண்டா? இல்லையெனில், படம் மங்கலாயினும், மூலை கிழிந்ததாயினும் அதற்கே முதலிடம்.

இரண்டாவது, இப்படம் ஒரு வேலையை, ஓர் இடத்தை, ஒரு பழக்கத்தைக் காட்டுகிறதா? திருமண மேடையில் வரிசையாக நிற்கும் படங்கள் எல்லா வீட்டிலும் ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் குழித்தறியில் காலை இறக்கி அமர்ந்திருக்கும் தாத்தா, கோர்வை போடும்போது மறுபக்கம் அமர்ந்து நாடா தள்ளும் சிறுவன், பிள்ளையார்பாளையத்துத் தெருவில் விடியற்காலையில் விரித்த பாவு, ஓட்டு வீட்டுத் திண்ணை, பாலாற்று மணல் ஆகியவை உள்ள படம் கிடைத்தால் விடாதீர்கள். தறி விற்கப்பட்ட வீடுகளில், அப்படம் ஒன்றே பிள்ளைகளுக்குத் தம் குலத்தொழிலைக் காட்டும்.

மூன்றாவது, இப்படத்தைக் கையில் எடுத்ததும் யாரேனும் பேசத் தொடங்குகிறார்களா? பேச வைக்கும் படம் ஏட்டுக்குரியது.

நான்காவது, ஒரே நிகழ்ச்சிக்குப் பல படங்கள் இருப்பின், முதியோர் இடம்பெற்ற படம் எது? மணமக்களை வேறு எங்கும் காணலாம். பந்தியின் ஓரத்தில் அமர்ந்திருக்கும் கொள்ளுப்பாட்டியை அங்கு மட்டுமே காணலாம்.

இவ்வாறு பார்த்து, முதல் ஏட்டுக்கு அறுபது படங்களைத் தெரிந்தெடுங்கள். பக்கத்துக்கு இரண்டாக முப்பது பக்கங்கள். ஒரு சிறுவன் ஒரே மாலையில் புரட்டி முடிக்கத்தக்க அளவு அது. எஞ்சியவற்றை உறையிலிட்டுப் பெட்டியில் வையுங்கள். தெரிந்தெடுத்தல் என்பது மற்றதை அழித்தலன்று.

மத்தேயு யாரை விட்டார்? யாரைச் சேர்த்தார்?

இங்கேதான் மெய்யான இடர்ப்பாடு தொடங்குகிறது. படத்தைத் தெரிந்தெடுப்பது என்பது ஆளைத் தெரிந்தெடுப்பதாகிவிடுகிறது. எம் பங்கைச் சேர்ந்த ஒரு வீட்டில் நடந்ததைக் கூறுகிறேன். பெயரும் தெருவும் வேண்டா. அண்ணன் தம்பி இருவரும் பாகப் பிரிவினையில் பகைத்துக்கொண்டனர். சினத்தில் அண்ணன், குடும்பப் படத்திலிருந்து தம்பியைக் கத்தரியால் வெட்டி எடுத்துவிட்டார். ஆண்டுகள் சென்றன. தாய் இறந்தார். சட்டமிட்டு மாலை அணிவிக்கத் தாயின் படம் தேடியபோது, அந்த ஒரு படந்தான் இருந்தது. அதில் தாயின் வலக்கை இல்லை. தம்பியின் தோள்மேல் வைத்திருந்த கை அது. தம்பியோடு சேர்ந்து அதுவும் போயிற்று. தம்பியின் மாமனார் வீட்டில் அதே படத்தின் மற்றொரு பிரதி கிடைத்தது. அதைக் கேட்டு வாங்க அண்ணனே செல்லவேண்டியதாயிற்று. அடக்கச் சடங்கில் இருவரும் அருகருகே நின்றனர். அதற்குமேல் நான் ஒன்றும் கூறுவதற்கில்லை.

நம் ஆண்டவரின் குடும்ப வரலாற்றை மத்தேயு நற்செய்தியாளர் எழுதிய விதத்தைப் பாருங்கள். அவரும் தெரிந்தெடுக்கத்தான் செய்தார். ஆபிரகாம் முதல் தாவீது வரை, தாவீது முதல் பாபிலோன் நாடுகடத்தல் வரை, அதன்பின் கிறிஸ்து வரை என்று பதினான்கு பதினான்காக மூன்று வரிசை அமைத்தார். அதற்காக அரசர் சிலரையே விட்டுவிட்டார். யோராமுக்கும் உசியாவுக்கும் இடையே அகசியா, யோவாசு, அமட்சியா ஆகிய மூவரைக் காணோம். பட்டியல் கட்டுக்குள் இருக்கவேண்டும் என்பது அவருக்கும் தெரியும். ஆனால் அவர் யாரை விடவில்லை? தாமாரை விடவில்லை; இராகாபை விடவில்லை; மோவாபு நாட்டுப் பெண்ணாகிய ரூத்தை விடவில்லை; உரியாவின் மனைவியை விடவில்லை. குடும்பத்துக்கு இழுக்கு என்று நாமாயிருந்தால் எந்தப் பெயர்களை மறைத்திருப்போமோ, அந்தப் பெயர்களை அவர் தேடிப்பிடித்துச் சேர்த்தார். முடிசூடிய மூவரை விட்டவர், இந்த நால்வரை விடவில்லை!

இதுவே நமக்குரிய அளவுகோல். இடமில்லை என்பதற்காக ஒரு படத்தை விடலாம். வெட்கம் என்பதற்காக ஓர் ஆளை விடலாகாது. நம் விருப்பத்துக்கு மாறாக மணம் முடித்துப் போன மகள், குடியால் கெட்ட சிற்றப்பா, மனநலம் குன்றிய அத்தை, இளமையில் கைம்பெண்ணாகி மூலையில் ஒதுங்கி நின்ற பெரியம்மா ஆகிய அனைவருக்கும் ஏட்டில் ஒரு பக்கம் உண்டு. திருமுழுக்குப் பெறுமுன் நெற்றியில் திருநீறு துலங்க நிற்கும் கொள்ளுத்தாத்தாவின் படத்தை மறைக்கும் வீடுகளும் இருக்கின்றன. ஏன் மறைக்கவேண்டும்? அவரும் நம் வேர்தான். இராகாபும் ரூத்தும் இஸ்ரயேல் குலத்தில் பிறந்தவர்கள் அல்லரே!

இறந்துபோன மழலைகளை மறவாதீர்கள். சிறுமலர் தெரேசாவின் பெற்றோராகிய லூயி, செலி மார்ட்டின் இணையர் 2015 ஆம் ஆண்டு புனிதர்களாக உயர்த்தப்பட்டனர். அவர்களுக்குப் பிறந்த ஒன்பது பிள்ளைகளுள் நால்வர் சிறு வயதிலேயே இறந்தனர். அந்த நால்வரும் அக்குடும்பத்தின் கணக்கிலிருந்து ஒருநாளும் நீங்கவில்லை. படம் எடுக்கப்படாமலே இறந்த குழந்தைக்கு, ஏட்டில் ஒரு வெற்றிடம் விட்டுப் பெயரையும் நாளையும் எழுதுங்கள். தாய்க்கு அது பெரும் ஆறுதலாகும்.

சிறுமலரைப் பற்றி இன்னொரு செய்தியும் உண்டு. அவர் தமக்கை செலின் 1894 இல் லிசியே நகர்க் கார்மேல் மடத்தில் சேர்ந்தபோது, புகைப்படக் கருவியையும் உடன் கொண்டுவந்தார். அதனால் தெரேசாவின் படங்கள் நாற்பதுக்கும் மேற்பட்டவை நமக்குக் கிடைத்துள்ளன. ஆனால் பல்லாண்டுகள் உலகெங்கும் பரவியவை, அழகுபடுத்தித் தீட்டிய உருவங்களே. திருத்தாத படங்கள் 1961 ஆம் ஆண்டு நூலாக வெளிவந்தபோதுதான், உறுதி படைத்த அந்த உண்மை முகத்தை மக்கள் கண்டனர். இன்று கைப்பேசியில் முகத்தை வெளுப்பாக்கி, தழும்பை அழித்து, சுருக்கத்தை நீக்குகிறோம். நம் முன்னோரின் முகத்தில் இதைச் செய்யவேண்டா. கிழிசலைச் சீராக்குவது வேறு. முகத்தை மாற்றுவது வேறு.

பெயர் எழுதும் முறை

படத்தின் கீழே ‘பெரியம்மா’ என்று எழுதிவிட்டால் போதுமா? யாருக்குப் பெரியம்மா? எழுதியவருக்குப் பெரியம்மா, அவர் மகனுக்குப் பாட்டியல்லவா? உறவுப்பெயர் எழுதுபவரைப் பொறுத்து மாறும். ஆளின் பெயர் மாறாது. ஆகவே முதலில் பெயரை எழுதுங்கள். பிறகு உறவைக் குறியுங்கள்.

பெயர் மட்டும் எழுதினாலும் நம் நாட்டில் ஒரு சிக்கல் உண்டு. தாத்தாவின் பெயரைத் தாங்குவதால்தான் பேரன் என்கிறோம். ஒரே குடும்பத்தில் மூன்று அந்தோணிசாமிகளும் நான்கு மரியம்மாள்களும் இருப்பது இயல்பே. எனவே தந்தையின் பெயரையும் சேர்த்தெழுதவேண்டும். பெண்களுக்குத் தந்தையின் பெயரும் வேண்டும், கணவரின் பெயரும் வேண்டும். திருமணத்துக்குப் பின் முதலெழுத்து மாறிவிடுவதால், பெண்களே விரைவில் அடையாளம் இழக்கின்றனர். ‘இன்னார் மனைவி’ என்று மட்டும் எழுதப்பட்ட பெண்கள் எத்தனை பேர்! அவர்களுக்குச் சொந்தப் பெயர் இல்லாமலா திருமுழுக்குக் கொடுத்தார்கள்?

ஆகவே ஒவ்வொரு படத்துக்கும் இவற்றை எழுதலாம்: இடமிருந்து வலமாக நிற்போரின் பெயர், அவரவர் தந்தை அல்லது கணவர் பெயர், இடம், ஆண்டு, நிகழ்ச்சி, படத்தை அடையாளம் காட்டியவர் யார் என்பது. ஆண்டு திட்டமாகத் தெரியாவிடில் ‘ஏறத்தாழ 1965’ என்று எழுதுங்கள். ஊகத்தை உண்மைபோல் எழுதிவிட்டால், பின்வருவோரை அது தவறான வழியில் நடத்தும்.

ஆண்டு அறியப் பங்கு ஆலயம் உதவும். திருமணங்களைப் பதிவு செய்யவேண்டும் என்று 1563 ஆம் ஆண்டிலேயே திரிதெந்துப் பொதுச்சங்கம் விதித்தது. இன்றைய திருச்சபைச் சட்டத்தின் 535 ஆம் விதிப்படி, ஒவ்வொரு பங்கிலும் திருமுழுக்கு, திருமணம், இறப்பு ஆகியவற்றுக்குப் பதிவேடுகள் இருத்தல் வேண்டும். திருமுழுக்குப் பதிவில் பெற்றோர் பெயரோடு ஞானத்தாய், ஞானத்தந்தை பெயர்களும் காணப்படும். குழந்தையை ஏந்தி நிற்கும் அந்த அறிமுகமற்ற பெண் யார் என்பதற்கு அங்கே விடை கிடைக்கலாம். 2002 ஆம் ஆண்டு செங்கல்பட்டு மறைமாவட்டம் அமையுமுன், நம் பங்குகள் சென்னை மயிலை உயர்மறைமாவட்டத்தைச் சார்ந்திருந்தன என்பதையும், பழைய ஆவணம் தேடுவோர் நினைவிற்கொள்க. உங்கள் பங்குத்தந்தையிடம் நாளும் நேரமும் கேட்டுச் செல்லுங்கள்; அவர் மறுக்கமாட்டார்.

காக்கும் வழி

சில நடைமுறைக் குறிப்புகள். படத்தின் பின்புறம் எழுதுவதானால், மென்மையான பென்சிலால் ஓரத்தில் அழுத்தாமல் எழுதுக. பந்துமுனைப் பேனா முன்பக்கத்தில் தடம் பதிக்கும். அதன் மை நாளடைவில் ஊறும். பின்புறம் வழுவழுப்பாயிருந்து பென்சில் பற்றாத படமானால், ஏட்டின் தாளில் எழுதுக.

கருப்பு வெள்ளைப் படம் வெள்ளித் துகளால் ஆனது. நன்கு கழுவி அச்சிட்டதாயின் நெடுங்காலம் நிற்கும். வண்ணப் படம் சாயத்தால் ஆனது. 1970, 1980 களில் அச்சிட்டவை இருட்டில் வைத்தாலும் வெளிறுகின்றன. தாத்தாவின் திருமணப் படம் தெளிவாயிருக்க, அப்பாவின் திருமணப் படம் செம்மை படர்ந்து கிடப்பது இதனாலேயே. எனவே முதலில் படியெடுக்கவேண்டியவை பழைய வண்ணப் படங்களே.

ஒட்டும் பசைத் தாளும் மேலே பிளாஸ்டிக் உறையும் கொண்ட ஆல்பங்கள் ஒரு காலத்தில் வீடுதோறும் இருந்தன. அப்பசை மஞ்சளாகிப் படத்தைக் கெடுக்கும். அவற்றிலிருந்து படத்தைப் பிய்த்தெடுக்கலாகாது. முதலில் இருந்தபடியே நல்ல ஒளியில் படியெடுத்துக்கொண்டு, பின்னர்ப் பல் இடுக்கைத் தூய்மை செய்யும் மெல்லிய நூலைப் படத்தின் அடியில் செலுத்தி, மெல்ல அறுத்தாற்போல் விடுவிக்கவேண்டும். சட்டத்தின் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்ட படத்தைத் தொடவே வேண்டா. கண்ணாடியோடு சேர்த்துப் படியெடுப்பதே நலம். புதிய ஏட்டில் பசை பூசி ஒட்டாமல், நான்கு முனைகளிலும் காகித மூலைகளைச் செருகுங்கள். அமிலமற்ற தாள் என்று கேட்டு வாங்குங்கள்.

ஏட்டை வைக்கும் இடமும் முக்கியம். பரண் வெப்பமுடையது, சமையலறை புகையுடையது, மழை இறங்கும் வெளிச்சுவர் ஈரமுடையது. ஐப்பசி, கார்த்திகையில் பூஞ்சணம் பிடிப்பது இத்தகைய இடங்களில்தான். வீட்டின் நடுப்பகுதியில், தரையிலிருந்து உயர்ந்த அலமாரியில் வைத்து, ஆண்டுக்கிருமுறை திறந்து பாருங்கள். கரையானும் இராமபாணமும் திறக்காத பெட்டியையே விரும்பும்.

ஸ்கேன் செய்வோர், அங்குலத்துக்கு 600 புள்ளிகள் என்னும் அளவில் செய்தால், சிறிய படத்தையும் பின்னர்ப் பெரிதாக்கலாம். வாட்சாப்பில் சாதாரணமாக அனுப்பும் படம் சுருங்கிவிடுகிறது. ஆகவே மூலக் கோப்பைத் தனியே வையுங்கள். கைப்பேசிப் படங்களை ஆண்டிறுதியில் அமர்ந்து பார்த்து, இருபத்துநான்கை மட்டும் தெரிந்தெடுத்து அச்சிடுங்கள். மாதத்துக்கு இரண்டு ஆயிற்று, அது போதும்.

ஒரு படம், பல வீடுகள்

2015 ஆம் ஆண்டு டிசம்பர் வெள்ளத்தில், அன்றைய காஞ்சிபுரம் மாவட்டத்தின் சென்னையை அடுத்த பகுதிகளில் வீடுகளுக்குள் நீர் புகுந்தது. அரிசியும் பாத்திரமும் மீண்டும் வாங்கலாம். ஆல்பத்தை எங்கே வாங்குவது? 2004 டிசம்பர் 26 இல் நாகைக் கடற்கரையிலும் இதே துயர். 1983 இன் பின் வீடுவாசல் விட்டு ஓடிய ஈழத்தமிழ்க் குடும்பங்களுள், உயிரைத் தவிர வேறொன்றையும் எடுத்துச்செல்ல இயலாதோர் எத்தனை பேர்! 2011 மார்ச் 11 ஆம் நாள் சப்பானைத் தாக்கிய ஆழிப்பேரலைக்குப் பின், யமமோட்டோ என்னும் ஊரில் தொண்டர்கள் சேற்றிலிருந்து இலட்சக்கணக்கான புகைப்படங்களைப் பொறுக்கியெடுத்துக் கழுவி, உலர்த்தி, உரியவரிடம் சேர்க்க முனைந்தனர். உறவை இழந்தோர்க்கு அம்முகமே எஞ்சியது என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர்.

நனைந்த படங்கள் ஒன்றோடொன்று ஒட்டி உலர்ந்துவிட்டால் பிரிப்பது அரிது. தூய குளிர்ந்த நீரில் மெல்ல அலசி, முகம் மேலாக, நிழலில், ஒவ்வொன்றாகப் பரப்பி உலர்த்தவேண்டும். இரண்டு நாள்களுக்குள் இதைச் செய்யாவிடில் பூஞ்சணம் பற்றிவிடும்.

ஆனால் எல்லாவற்றினும் சிறந்த காப்பு, பகிர்ந்து வைத்தலே. அறுபது படங்களின் படிகளை உடன்பிறந்தோர் ஒவ்வொருவருக்கும் கொடுங்கள். ஒன்று காஞ்சியில் இருக்கட்டும். ஒன்று சென்னையில் இருக்கட்டும். மற்றொன்று கடல் கடந்து வாழும் மகளிடம் இருக்கட்டும். வெட்டப்பட்ட படத்தின் மறுபிரதி மற்றொரு வீட்டில் இருந்ததால்தானே அந்தத் தாயின் கை கிடைத்தது! முக்கியமாக, பேச்சுவார்த்தை நின்றுபோன வீட்டுக்கு முதல் பிரதியை அனுப்புங்கள். கடிதம் எழுதத் தயங்கும் கைக்கு, படத்தை உறையிலிட்டு அனுப்புவது எளிது.

அன்பர்களே, ஆடுகளை எண்ணிக்கையால் அன்றி, பெயரால் அறியும் ஆயரை வழிபடுகிறவர்கள் நாம். நம் இல்லத்து மந்தையில் பெயரற்ற முகம் ஒன்றும் இருத்தலாகாது. இம்மாதத்தின் ஒரு ஞாயிறு மாலை, செபமாலை முடிந்தபின், தொலைக்காட்சியை நிறுத்திவிட்டுப் பாயை விரியுங்கள். ஏடு பிறகு வாங்கலாம்; தாள் பிறகு வாங்கலாம். அன்று ஒரு பென்சில் போதும். உங்கள் வீட்டில் முதியவர் யாரோ, அவரிடம் மிகப் பழைய படத்தைக் கொடுத்து, “இவர் யார்?” என்று கேளுங்கள். அவர் சொல்லும் பெயரை அப்போதே எழுதிவிடுங்கள். அடுத்த நவம்பரில், அந்தப் பெயரைச் சொல்லியே செபிக்கலாம்.